ஆசிரியரும் நாழிகைக் கணக்கும்

மானுடப் பிறவி பெறுதற்கரியது என்பது நம் சைவப் பாடசாலைகளிலே சிறுபிள்ளைகளும் பிழையின்றி ஒப்புவிக்கும் பாடமாகும். அதனைக் கேட்டிருக்கும் ஆசிரியரை நோக்கி, "ஐயா, இன்று இரண்டாம் பாடவேளையின் முதற் பத்து நிமிடம் எவ்வாறு சென்றது?" என்று வினவுவோமாயின் அவர் சற்றே திகைப்பர். பிறவியின் அருமையை ஆண்டுகளைக்கொண்டு பேசுதல் எவர்க்கும் எளிது. நிமிடங்களைக்கொண்டு பேசப் புகுந்தவிடத்தே நா எழுவதில்லை. காலத்தைப் புகழ்தற்கு நாம் இதனை எழுதப் புகுந்திலேம். அப்புகழ்ச்சி பாடசாலைச் சுவர்களிலே வேண்டுமளவு எழுதப்பட்டுள்ளது. ஆசிரியர் ஒருவர் தம்மைத் தாமே உள்ளவாறு ஆராய விரும்புவாராயின் அவ்வாராய்ச்சியை எங்கே தொடங்கல் வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட விடயம். தமது நோக்கம் எத்தகையது, தமது அன்பு எத்தகையது என்று தொடங்குவாராயின் அவர் ஏமாறுவர் என்பதும், தம் கையிற் கொடுக்கப்பட்ட நேரம் என்னாயிற்று என்று தொடங்குவாராயின் அத்துணை எளிதில் ஏமாறார் என்பதும் எமது கருத்து. இதற்குக் காரணம் நமது சித்தாந்த சாத்திரத்திலேயே உளது.

உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனிலே இருண்மலத்தின் நிலையைக் கூறுமிடத்து, புற இருளுக்கும் ஆணவ இருளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிவித்தனர். புற இருள் வீட்டிலுள்ள பொருள்களை மறைக்கும். ஆயினும் இங்கே இருள் உளது என்பதையேனும் கண்ணுக்குக் காட்டும். இருளென்று கண்டவன் விளக்கைத் தேடுவான். ஆணவமோ பிற பொருளை மறைப்பதுடன் தன்னையும் மறைத்து நிற்கும். ஆதலால் அதனாற் பற்றப்பட்டவன் தனக்கு ஓர் இருள் உளதென்றே அறியான், விளக்கையும் தேடான். தன்னை ஆராயப் புகுவோர்க்கு இதனினும் பெரிய எச்சரிக்கை இல்லை. ஆராயப்படுவதும் மனம், ஆராய்வதும் மனம், தீர்ப்புச் சொல்வதும் அம்மனமே. குற்றஞ் சாட்டப்பட்டவனே நீதிபதியாய் அமர்ந்த மன்றிலே, சாட்சி ஒன்றேனும் புறத்திலிருந்து வருதல் வேண்டாவோ? காலம் அத்தகைய புறச்சாட்சி. 'நான் பிள்ளைகளை நேசிக்கின்றேன்' என்னுங் கூற்றை அளக்குங் கோல் எவரிடத்தும் இல்லை. 'இன்று காலை ஏழரை மணிமுதல் ஒன்றரை மணிவரையும் நான் செய்தவை இவை' என்னுங் கூற்றையோ, மணிக்கூடும், வகுப்பிலிருந்த பிள்ளைகள் அனைவரும் அளந்து சொல்லவல்லர்.

காலத்தை நம் சமயம் வெறும் அளவையாக மாத்திரம் கொண்டதில்லை. முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியாதத்துவம் ஏழு; அவற்றுள் ஒன்று காலம், மற்றொன்று நியதி. சென்ற காலம் எல்லையைத் தரும், நிகழ்காலம் பயனைத் தரும், வருங்காலம் புதுமையைத் தரும் என்பது உண்மை விளக்கம் முதலிய நூல்களைக் கற்பார் அறிந்தது. ஒருவர் செய்த வினையின் பயன் பிறர்பாற் செல்லாது செய்தவரிடத்தே நிறுத்துவது நியதி. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் ஆசிரியர்க்கு நன்று. சென்ற நாள் எல்லையாய் நின்றுவிட்டது. அதனுள் இனி ஒரு நிமிடத்தையேனும் நுழைத்தல் கூடாது. அந்நாளிலே நடந்ததை அதிபர்மேலும் பெற்றார்மேலும் பாடத்திட்டம் வகுத்தோர்மேலும் முழுதும் ஏற்றிவிடுதலை நியதி ஒப்பாது. அவர்க்குரிய பங்கு அவர்க்கு உண்டு. அதனைச் சொல்லி நமக்குரிய பங்கைக் கழித்துக்கொள்ளல் இயலாது.

மாயையினின்றுந் தோன்றிய உடம்பு முதலியன ஆணவ இருளிலே கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் உதவும் விளக்கை ஒக்கும் என்பதும் திருவருட்பயனிற் கண்ட உவமையே. இவ்வுவமையின் பொருளை யாழ்ப்பாணத்தார் ஒரு தலைமுறையினர் நூலின் உதவியின்றியே கற்றனர். 1990ஆம் ஆண்டின்பின் குடாநாட்டிலே மின்சாரம் நின்று மண்ணெண்ணெயும் அரிதாகிய காலத்திலே, ஜாம் போத்தலின் அடியிற் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கே வீடுதோறும் படிப்பு விளக்காயிற்று. ஒரு விளக்கைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள் இருந்து படித்ததை நாம் கண்டுள்ளோம். எண்ணெய் அளந்து விடப்பட்டமையால் எத்துணைப் பக்கம் படித்தல் கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். புத்தகத்தைத் திறக்குமுன்னரே எப்பாடத்தை முதலிற் படிப்பது என்று துணிந்துமிருந்தனர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்து தென்மராட்சி முதலிய இடங்களுக்குச் சென்றபின், மரநிழலிலும் ஓலைக்கொட்டிலிலும் வகுப்புக்கள் நடந்தன. அக்காலம் மீண்டும் வருக என்பார் எவருமிலர். துன்பத்தைப் புகழ்ந்து பேசும் வழக்கும் எமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவ்விளக்கிலே ஒரு சிறப்பு இருந்தது. எண்ணெயின் அளவு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ஆளியைத் தட்டினால் விடியும்வரை ஒளி உண்டு. வாழ்நாளாகிய எண்ணெய் அன்றுபோலவே குறைகின்றது. போத்தலினூடே தெரிவதில்லை, அவ்வளவே.

தெரியாததைத் தெரியச் செய்தற்குக் கணக்கு உதவும். பாடவேளை ஒன்று 40 நிமிடம். நம் முன்னோர் அளவையிற் சொல்லின், நாழிகை 24 நிமிடமாதலால், ஒரு நாழிகையும் 40 விநாடியும். நாளொன்றுக்குப் பாடவேளை எட்டு. மணியடித்து ஐந்து நிமிடங் கழித்து ஆசிரியர் வகுப்பினுட் புகுவாராயின், பாடவேளையில் எட்டிலொரு பங்கு சென்றது. எட்டுப் பாடவேளையிலும் இங்ஙனமே நிகழின் நாளொன்றுக்கு முழுப் பாடவேளை ஒன்று சென்றது. ஓராண்டிலே 190 நாட் பாடசாலை நடைபெறுவதாகக் கொள்வோம். சென்றவை 190 பாடவேளை. நாடோறும் ஒரு பாடவேளை பெறும் கணிதத்துக்கோ தமிழுக்கோ அவ்வாண்டு முழுவதிலும் கிடைப்பனவும் அத்துணையே. ஐந்தைந்து நிமிடமாகப் பிந்திய பிழை, கணிதத்தை அவ்வாண்டின் நேரசூசியினின்றும் முற்றாய் அழித்ததனோடொக்கும். நேரசூசியிலே கணிதத்தை அழிக்கத் துணியும் அதிபர் எவருமிலர். ஐந்து நிமிடம் பிந்துவதைக் கண்டுங் காணாதிருப்போர் பலர்.

இது பிள்ளை ஒருவருக்குரிய கணக்கு. வகுப்பிலே 35 பிள்ளைகள் உளராயின், ஆசிரியரின் ஐந்து நிமிடம் வகுப்புக்கு 175 நிமிடம். மூன்று மணிக்கு ஐந்து நிமிடங் குறைவு. வகுப்பின் நடுவே கைத்தொலைபேசி ஒலித்து ஆசிரியர் தாழ்வாரத்துக்குப் போய்வரும் நேரத்தையும் இங்ஙனமே பெருக்கிக்கொள்க. பிள்ளைகளுடைய பருவம் காத்திராது என்பதை அண்மையிலும் கண்டோம். 2020, 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனா நோயினாற் பாடசாலைகள் நெடுநாள் மூடப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதில் வீட்டில் இருந்துவிட்ட பிள்ளைகள் மேல்வகுப்புக்களில் வந்து வாசிக்கமாட்டாது இடர்ப்பட்டதைத் தொடக்கப் பிரிவு ஆசிரியர்கள் நன்கறிவர். அவ்விழப்பு எவர் குற்றமுமன்று. எவர் குற்றமுமில்லாத இழப்பே இத்துணைப் பெரிதாயின், தவிர்க்கக்கூடிய இழப்பை அதன்மேலும் ஏற்றுதல் யாங்ஙனம் பொருந்தும்?

நாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர். மணி தவறாமை அங்கே கண்ட நற்பண்பு. நன்மையை எங்குக் காணினும் நன்மையென்றே சொல்லல் வேண்டும். ஆயின் அதனை வெள்ளைக்காரர் கொண்டுவந்து தந்த ஒழுக்கமென்று நம்பிள்ளைகள் எண்ணுவாராயின், அவர்களை நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்துக. அங்கே பூசை எவர் வரவையும் நோக்கித் தாமதிப்பதில்லை. மகோற்சவ காலத்திலே எள்விழ இடமில்லாத கூட்டத்தின் நடுவிலும் குறித்த வேளை குறித்த வேளையே. பெருஞ்செல்வரும் பெரும்பதவியாளரும் தாம் முன்வந்து காத்துநிற்பர். அவ்வேளை ஆண்டவனுக்குரியது, அதனை மாற்றுதற்கு நாம் யார் என்னும் எண்ணமே அதற்கு அடி. வகுப்பறையின் 40 நிமிடம் யாருக்குரியது? சம்பளந் தரும் அரசினர்க்குரியது என்பர் சிலர். ஆதலாற்றான் வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டவுடன் கடன் தீர்ந்ததென்று கருதுகின்றனர். அது பிள்ளைகளுக்குரியது. தமக்குரியதைக் கேட்டு வாங்கும் வலியோ, இழந்தோமென்று அறியும் அறிவோ அவர்க்கு இல்லை.

மனம் தன்னை மறைக்கும் வழிகளை அறிதற்கு இலக்கணம் நல்ல துணை. ஆசிரியர்கள் ஓய்வறையிலே பேசும் வாக்கியங்களைச் செவிகொடுத்துக் கேட்க. 'நேரம் போயிற்று.' 'பாடம் முடியவில்லை.' 'கொப்பிகள் திருத்தப்படாமற் கிடக்கின்றன.' இவற்றுள் எழுவாய் யாது? முதலாவதில் நேரம், அது தானே எழுந்து நடந்து போயிற்றுப் போலும். இரண்டாவதிற் பாடம். மூன்றாவதிற் கொப்பிகள். ஆசிரியர் ஓரிடத்தும் எழுவாயாய் வந்திலர். தோன்றா எழுவாயாகவேனும் வந்திலர். 'போயிற்று' என்பது தன்வினை, 'போக்கினேன்' என்பது பிறவினை. அவ்வாக்கியங்களைத் தன்மையொருமையிலே திருப்பி எழுதிப் பார்க்க. 'நேரத்தைப் போக்கினேன்.' 'பாடத்தை முடித்திலேன்.' 'கொப்பிகளைத் திருத்தாது வைத்திருக்கின்றேன்.' எழுதுகோல் எவ்விடத்திலே தயங்குகின்றதோ அவ்விடத்திலே ஆணவம் இருக்கின்றது. சில வாக்கியங்கள் அங்ஙனந் திரும்பமாட்டா. வெள்ளத்தாற் பாடசாலை மூடப்பட்ட நாளைப்பற்றிப் 'போக்கினேன்' என்று எழுதுதல் பொய்யாம். அதனை உள்ளவாறே விடுக. எது திரும்பும், எது திரும்பாது என்று நடுநின்று பிரித்தலே ஆராய்ச்சி எனப்படும். தன்வினை பிறவினைப் பாடத்தை ஆண்டுதோறுங் கற்பிக்கும் நாம், பரீட்சைக்கன்றி வேறொன்றுக்கும் அதனைப் பயன்படுத்தாதிருப்பது வியப்பே.

இவ்விடத்திலே மற்றொரு வஞ்சனையும் உளது. தம்மை ஆராயும்படி சொன்னவுடனே சிலர், 'அடியேன் ஒன்றுக்கும் பற்றாதேன், கடையேன்' என்று தொடங்குவர். கேட்போர், 'ஐயோ, அங்ஙனஞ் சொல்லற்க' என்பர். சொன்னவர் உள்ளே மகிழ்வர். பொதுப்படத் தன்னைப் பழித்தற்குச் செலவொன்றும் இல்லை. 'செவ்வாய்க்கிழமை நாலாம் பாடவேளையிலே பதினைந்து நிமிடம் என் சொந்தக் கதை சொன்னேன்' என்று எழுதுதற்குச் செலவு உண்டு. திருநாவுக்கரசு நாயனார் தம் வாழ்நாளுக்கு இரங்கியருளிய தேவாரங்களைப் படிப்போர் இவ்வேறுபாட்டைக் காண்பர். பிள்ளைப்பருவம், இளமைப்பருவம், முதுமைப்பருவம் எனக் கழிந்த நாளைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் எதனாற் கழிந்தது என்றும் உடன்வைத்து இரங்குமிடம் உண்டு. சமணஞ் சார்ந்திருந்த காலத்தையும் அவர் மறைத்திலர். அவ்விரக்கம் வெறும் புலம்பலாய் ஒழிந்ததோ? இல்லை. உழவாரத்தைக் கையிலேந்தித் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குந் தொண்டாய் நின்றது. இழந்த நாளை எண்ணுங் கண்ணீரும் எதிரேயுள்ள புல்லும் அவர்பால் ஒருங்கே இருந்தன.

நம் நாட்டிலே காலத்தை அறிந்து வாழ்ந்தோர்க்கு எடுத்துக்காட்டாக ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் பெருமானைச் சொல்லாதார் இலர். அவர் 1822 டிசெம்பர் 18இற் பிறந்து 1879 டிசெம்பர் 5இற் சிவபதமடைந்தார். ஐம்பத்தேழு ஆண்டு நிறைதற்குப் பதின்மூன்று நாட் குறைவு. நாமும் அவ்வயதை அணுகியுள்ளோமாதலின் இக்கணக்கு எமக்கு அடிக்கடி நினைவில் எழும். மிஷன் பாடசாலை உத்தியோகத்தை 1848இல் விடுத்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து. எஞ்சியிருந்தது முப்பத்தோராண்டு. அதனுள்ளே அச்சியந்திரம் நிறுவினர், பாலபாடங்களையும் சைவவினாவிடையையும் இலக்கணச்சுருக்கத்தையும் இயற்றினர், பெரியபுராணத்தை வசனமாக்கினர், திருக்குறளைப் பரிமேலழகருரையோடு பதிப்பித்தனர், 1864இற் சிதம்பரத்திலே மற்றொரு வித்தியாசாலை கண்டனர், தம் இறுதிக்காலத்தை அடுத்து வந்த பஞ்சத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினர். இவையெல்லாம் எல்லாரும் மேடையிற் சொல்வன. அத்துணை பேசப்படாதது ஒன்று உண்டு. மிஷனாரைக் கண்டிப்பதிலே தலைநின்ற அவரே, 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையிலே சைவர்தங் குறைகளைத் தாட்சணியமின்றி எடுத்துக் காட்டினர். எதிரியின் பிழையைக் கண்ட அதே கண்ணாலே தம்மவர் பிழையையும் கண்டனர். அவருடைய குருபூசைக் கூட்டம் குறித்த நேரத்துக்கு முக்கால் மணி பிந்தித் தொடங்கி, அவருடைய நேரந்தவறாமையைப் பற்றிய பேச்சோடு முடிவதை நாம் பலவூர்களிலும் கண்டுள்ளோம்.

இனி, செய்யத்தக்கது யாது என்று கேட்பார்க்கு நாம் கூறுவது மிகச் சிறியதொன்று. சட்டைப்பையில் அடங்கும் சிறு குறிப்பேடு ஒன்று போதும். இரவிலே, விபூதி தரித்து வழிபாடு முடித்தபின், அன்றைய பாடவேளைகளை முறையே நினைந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுக. ஆசிரியர் செய்ததை எழுதவேண்டா. அப்பாடவேளையிலே பிள்ளைகள் செய்ததை எழுதுக. 'வன்றொண்டர் சரித்திரம் நடத்தினேன்' என்று எழுதுதல் எவர்க்கும் எளிது. 'பிள்ளைகள் கேட்டிருந்தனர், ஐவர் வினவினர், பின்வரிசையார் யாது செய்தனரோ அறியேன்' என்று எழுத நேர்ந்தால், அந்த 'அறியேன்' என்னுஞ் சொல்லே மறுநாட் பாடவேளைக்குரிய வேலை. இவ்வேடு பாடக்குறிப்பும் அன்று, சம்பவத்திரட்டும் அன்று. அவை பிறர் பார்வைக்கு வருவன. பிறர் பார்ப்பரென்று எழுதும்பொழுதே எழுத்து அலங்காரஞ் செய்துகொள்ளும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பரீட்சைப் பேற்றுக்கேற்ப நன்கொடை என்னும் முறை இந்நாட்டிலே நடந்தபொழுது, பரிசோதகர் வரும் ஒரு நாளைக்காகவே பாடங்கள் உருப்போடப்பட்டன. பார்ப்பவருக்காகச் செய்வதன் இயல்பு அது. ஆதலின் இவ்வேட்டை அதிபருக்குங் காட்டற்க.

காலத்தைப் பேணுதல் என்றவுடன் விரைதல் என்று கொள்வாரும் உளர். லகர ளகர ழகர வேறுபாடு நாவில் வாராத ஒரு பிள்ளையோடு கால்மணி நேரம் இருத்தல் இழப்பன்று. வகுப்பிற் பாதிப்பேர் விளங்காதிருக்கப் பாடத்திட்டத்தை இரண்டு வாரம் முன்னரே முடித்துவிட்டோம் என்று மகிழ்தல் இழப்பு. ஆசிரியர் உறங்குவதும் தம் மனைவி மக்களோடு இருப்பதும் இழப்பல்ல; அவை இல்லாதவர் வகுப்பிலே சினப்பர். மற்றொன்றையும் சொல்லாது விடலாகாது. மாலையிலே தனியார் கல்வி நிலையத்தில் ஒரு விநாடியும் வீணாக்காது கற்பிக்கும் ஆசிரியர் சிலர், காலையிலே பாடசாலை வகுப்பில் இருந்து களைப்பாறுகின்றனர். அவர்க்குக் காலத்தின் அருமை தெரியாதென்று எவரும் சொல்லார். நன்றாகத் தெரியும், அதன் விலையும் தெரியும். காசு கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை அவரைக் காலையில் மாத்திரமே காண்கின்றது.

குறிப்பேடும் பொய் சொல்லக்கூடும். அதனை எழுதுவதும் அம்மனமே அன்றோ! ஆகையால் தவணை முடிவிலே அதனை ஒப்புநோக்கிப் பார்த்தல் நன்று. வகுப்பின் முதல்வன் கொப்பியை எடுக்கவேண்டா. எவர் கற்பிப்பினும் அவன் கற்பன். பின்வரிசையிலே, பேர் சொல்லி அழைக்கச் சற்று நினைவுகூர வேண்டிய பிள்ளை ஒன்றன் கொப்பியை வாங்குக. எத்தனை பக்கம் எழுதப்பட்டுள்ளன, எத்தனையில் ஆசிரியர் திருத்திய அடையாளம் உளது, திருத்திய பிழையே மறுபடியும் எங்கெங்கு வந்துளது என்று எண்ணி, குறிப்பேட்டின் வரிகளுக்கு நேரே வைத்துப் பார்க்க. இரண்டும் ஒவ்வாதவிடத்துக் கொப்பியின் கூற்றையே கொள்க. பார்த்து முடித்தபின் அதனை மேசையிலே வைத்துக்கொள்ளாது, விடுமுறை தொடங்குமுன் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடல் வேண்டும். விடுமுறையிலே எடுத்துப் படிப்பதற்கு அப்பிள்ளையிடம் வேறு கொப்பி இல்லாதிருக்கலாம்.